தென்கடலா, வடகடலா: இராமநாதபுரம் கரையிலிருந்து பாதுகாப்பு உயிரியல் படிக்கப் போகிறவர்களுக்கு

விலங்கியலிலோ தாவரவியலிலோ பட்டம் முடித்துவிட்டு, "மேலே பாதுகாப்பு உயிரியல் படிக்கலாம் என்றிருக்கிறேன், எங்கே சேரலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் மதிப்பெண்ணைக் கேட்பதில்லை. தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், தண்ணீர் எந்த மாதம் தெளியும் என்று கேட்பேன். கடற்கரை ஊர்க்காரர்கள் யோசிக்காமல் சொல்வார்கள். மற்றவர்கள் விழிப்பார்கள். விழிப்பதில் தவறில்லை, நானும் விழித்தவன்தான். ஆனால் இந்தக் கரையில் முதுநிலை ஆய்வு செய்ய நினைப்பவருக்குக் கல்லூரியின் அட்டவணையைவிடக் காற்றின் அட்டவணை முக்கியம். அதைத் தெரிந்துகொண்டு படிப்பைத் தேடுவதுதான் சரியான வரிசை.

பெயர்க்குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். பாதுகாப்பு உயிரியல் என்பது உயிரினங்களும் அவற்றின் வாழிடங்களும் ஏன் அழிகின்றன, அழிவை எப்படித் தடுப்பது என்று ஆராயும் துறை. 1985-ல் மைக்கேல் சூலே இதை நெருக்கடிக்காலத் துறை என்று வரையறுத்தார். எல்லாத் தரவும் கையில் வரும்வரை காத்திருக்க நேரமில்லாத துறை என்பது அதன் பொருள். சூழல் மீட்டெடுப்பு என்பது சிதைந்துபோன ஒரு சூழலமைப்பு தானாகத் தேறி வர உதவும் வேலை. 'உதவும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மரம் நடுவது அந்த உதவிகளில் ஒன்று, பல நேரம் கடைசியாகச் செய்ய வேண்டியது. நம் ஊரில் அதுவே முதலாவதாகவும் முடிவாகவும் இருந்துவிடுகிறது.

முதல் படி: ஐந்து நாள் கரையைச் சுற்றுங்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. இரண்டையும் ஊர்க்காரர்கள் தென்கடல், வடகடல் என்பார்கள். அலையடிக்கும் தென்கடல் ஆண் கடல், அடங்கிக் கிடக்கும் வடகடல் பெண் கடல் என்றும் சொல்வதுண்டு. பாம்பன் சாலைப் பாலத்தில் நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

ஒரு நாள் தொண்டி பஸ்ஸில் ஏறிக் காரங்காட்டுக்குப் போங்கள். வனத்துறை ஊர்மக்களோடு சேர்ந்து நடத்தும் படகில் அலையாத்திக் காட்டைப் பார்க்கலாம். ஒரு நாள் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலின் இடிபாடுகளைப் படமெடுப்பவர்களை விட்டு விலகி, மணல்மேட்டைப் பாருங்கள். அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைத்திருப்பது தெரியும். (இராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலேயே இராவணனின் மீசை முளைத்திருப்பதைப் பற்றித் தாவரவியல் ஒன்றும் சொல்வதில்லை.) ஒரு நாள் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். ஒரு நாள் மண்டபம். மீதி ஒரு நாளைக் கண்மாய்களுக்கு ஒதுக்குங்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என இந்த வறண்ட மாவட்டத்தின் நான்கு பறவைச் சரணாலயங்கள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இருக்கின்றன. முதல் இரண்டும் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமும் 2022-ல் சேர்ந்தன, பின்னிரண்டும் 2025-ல்.

கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். அதில் அறிவியல் பெயர் வேண்டாம், கரையில் சொல்லும் பெயர்களை எழுதுங்கள். பாசி எடுக்கும் பெண்கள் மரிக்கொழுந்து என்பது அகர் என்ற கூழ்ப்பொருளைத் தரும் ஜெலிடியெல்லா. கட்டக்கோரை என்பது சர்காஸம். கஞ்சிப் பாசி என்பது கிராசிலேரியா. பங்குனி ஆமை எது, பேராமை எது என்று கேளுங்கள். கடற்பசுவை ஆவுளியா என்று சொல்லும் முதியவரிடம், கடைசியாக எப்போது பார்த்தார் என்று கேளுங்கள். வகுப்பில் யாரும் கற்றுத் தராத கால அளவு அந்தப் பதிலில் கிடைக்கும்.

இரண்டாம் படி: கேள்வியைப் பிடியுங்கள், படிப்பு பின்னால் வரும்

"கடல் சூழல் படிக்க விரும்புகிறேன்" என்று விண்ணப்பத்தில் எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். "வேலைக்காரர்கள் கையால் பிடுங்கிய பின்னும் அந்தப் பாசி பவளத்தின் மேல் ஏன் திரும்ப முளைக்கிறது?" என்று எழுதுகிறவரைத் தேர்வுக்குழு மறக்காது. அந்தப் பாசியின் கதை இதுதான்.

காப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசியை மூங்கில் தெப்பங்களில் கட்டி வளர்ப்பது இங்கே பல குடும்பங்களுக்கு வருமானம் தந்த தொழில். ஒப்பந்த முறையில் வாங்கிய நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டு, ஊரில் அதற்குப் 'பெப்சி பாசி' என்றே பெயர். அது வித்தில்லாமல் துண்டிலிருந்தே வளரும். 2008-ல் குருசடைத் தீவின் பவளங்களின் மேல் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பவளத்துக்கு வெளிச்சம் மறைந்தது. கையால் பிடுங்கினார்கள், மிஞ்சிய துண்டு மறுபடி தழைத்தது. இதில் உயிரியல், பொருளாதாரம், பெண்களின் வருமானம், சட்டம் நான்கும் ஒரே முடிச்சில் இருக்கின்றன. ஒரு முதுநிலை ஆய்வுக்கு முடிச்சு முழுவதும் வேண்டாம், ஓர் இழை போதும்.

கேள்வியைத் தேடும்போது ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள்: எது சிதைந்தது என்பதோடு நிறுத்தாமல், எதனால் சிதைந்தது, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று கேட்பது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்கும் அரண் போனது முக்கியக் காரணம். 2001-ல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தில் உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்ந்தன. வெட்டுவது நின்ற பிறகுதான் மீட்டெடுப்பு என்ற பேச்சுக்கே இடம் வந்தது. தூத்துக்குடிக்கு எதிரே கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி 2015 முதல் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகளை இறக்கினார்கள். ஆனால் 1998, 2010, 2016 ஆண்டுகளில் வந்த வெளிறல்கள் (பவளம் நிறமிழந்து வெளுப்பது) வெட்டியதால் வந்தவை அல்ல, சூடேறிய கடலால் வந்தவை. அந்தக் காரணம் இன்னும் இருக்கிறது. நடும் பவளத் துண்டு அடுத்த கோடையைத் தாங்குமா என்று கேட்காமல் நடுபவர் மீட்டெடுப்பவர் ஆகமாட்டார்.

அலையாத்தியிலும் அப்படித்தான். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காடு வெட்டிய இடங்கள் பள்ளமாகி, உள்ளே வந்த கடல்நீர் வெளியேறாமல் நின்று வற்றி, மண் உப்பேறியது. எத்தனை கன்று நட்டாலும் பிழைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, ஓதம் (கடல்நீரின் ஏற்றமும் வற்றமும்) வந்து போக வழி செய்தார்கள். உப்பு கழுவிப் போன பிறகு கன்று நின்றது. நம் கரையில் ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஒரு சாண் உயர வேறுபாடுகூடக் கன்றின் உயிரைத் தீர்மானிக்கும். நர்சரியில் எண்ணிய கன்றுகளின் எண்ணிக்கையை வெற்றிக்கணக்காகப் போடும் அறிக்கைகளை நான் நம்புவதில்லை. மூன்றாம் ஆண்டில் எத்தனை நிற்கின்றன என்று கேளுங்கள்.

கடலோரத்தை விட்டு உள்ளே வந்தால் சீமைக்கருவேல் காத்திருக்கிறது. அதை வெட்டச் சொல்லும் நீதிமன்ற உத்தரவு வந்தது, வெட்டினார்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது. வெட்டிய பின் அந்த நிலத்தில் எது வர வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் குறைவு. கடல் ஒத்துவராதவர்களுக்கு இது நல்ல களம். படகுச் செலவும் இல்லை.

மூன்றாம் படி: எங்கே சேர்வது

வீட்டிலிருந்து போய்ப் படிக்க வேண்டும் என்றால் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கிறது. கடல் உயிரியலில் ஊன்றிப் படிக்க அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம் பழம்பெருமை உள்ளது. மீனும் வலையும் உங்கள் கேள்வியில் இருந்தால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. வன உயிரியல் என்ற பெயரிலேயே எம்.எஸ்சி. வேண்டுமானால் மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் உதகை அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. கட்டணம் தாங்கக்கூடியது, களப்பணி உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் எம்.எஸ்சி. இருக்கிறது, அதற்கு மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

அகில இந்திய அளவில் இரண்டு இடங்களைக் குறி வைக்கலாம். ஒன்று டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம். மற்றது பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வன உயிரியல் மற்றும் பாதுகாப்பு எம்.எஸ்சி. பின்னதில் ஏறத்தாழப் பதினைந்து பேரைத்தான் எடுப்பார்கள், ஈராண்டுக்கு ஒருமுறை சேர்க்கை நடந்துவந்திருக்கிறது. ஆகவே பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டிலேயே அறிவிப்பைக் கவனிக்கத் தொடங்குங்கள். வெளிநாடு போக எண்ணுபவர்கள் எராஸ்மஸ் முண்டஸ், காமன்வெல்த் உதவித்தொகைகளைப் பாருங்கள். கடன் வாங்கிப் போவதைப் பற்றி என் கருத்து: இந்தத் துறையின் தொடக்கச் சம்பளத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெரிய பெயருள்ள இடம் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் நான்காம் பருவத்தின் ஆய்வேட்டை மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ உள்ள நிறுவனத்தில் செய்ய வழிகாட்டி சம்மதித்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு மண்டபம் முகாமில்தான் இருந்தது. தலைமையகம் பின்னர் கொச்சிக்குப் போனது, மண்டபம் மையம் இன்றும் இருக்கிறது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி நிலையமும் அங்கேதான். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் நிறுவனம் பவளத்திலும் கடற்புல்லிலும் மீட்டெடுப்பு வேலை செய்துவருகிறது. மாணவர்களை எடுக்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வராத இடங்களில்கூட, மதியச் சாப்பாட்டுக்கு முன் போய் நின்றால் பேச்சு நடக்கும்.

நான்காம் படி: சேர்வதற்கு முன் கற்க வேண்டியவை

நீச்சல், புள்ளியியல், நிலவரைபடம். இந்த வரிசையில்.

ஸ்கூபா சான்றிதழுக்குப் பணம் சேர்க்க வேண்டாம். நம் பவளப்பாறைகள் பெரும்பாலும் ஐந்து மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில் இருக்கின்றன. கண்ணாடி, மூச்சுக்குழாய், மிதக்கத் தெரிந்த உடம்பு போதும். புள்ளியியலுக்கு 'ஆர்' என்ற இலவச மென்பொருள், வரைபடத்துக்குக் 'க்யூஜிஐஎஸ்', அதுவும் இலவசம். பறவை கண்டால் ஈபேர்ட் இணையதளத்திலும் மற்ற உயிர்களை ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்திலும் பதிந்து வாருங்கள். நேர்காணலில் காட்ட ஈராண்டுப் பதிவுகள் இருந்தால் சான்றிதழ்களைவிட அது பேசும்.

இனி, கடற்புல்லை அளப்பதை ஒருமுறை செய்து பாருங்கள். கடற்புல் பாசி அல்ல. வேரும் பூவும் உள்ள தாவரம், கடற்பசுவின் உணவு. வடகடல் பக்கம் முழங்கால் ஆழத்தில் கிடைக்கும் இடம் எது என்று மீனவரிடம் கேட்டுப் போங்கள். அரை அங்குல பி.வி.சி. குழாயில் பக்கத்துக்கு 50 செ.மீ. உள்ள சதுரச் சட்டம் செய்யுங்கள். குழாயில் துளையிட்டுவிடுங்கள், இல்லையென்றால் மிதக்கும். கரைக்குச் செங்குத்தாக 50 மீட்டர் கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஒருமுறை கயிற்றின் வலப்பக்கமாகச் சட்டத்தை வையுங்கள். 'நல்ல இடமாகப் பார்த்து' வைக்கக் கூடாது. புல்லே இல்லாத மணலில் விழுந்தால் சுழியம் என்று எழுதுவதும் தரவுதான்.

கலங்கிய நீர் தெளிய ஒரு நிமிடம் நில்லுங்கள். பிறகு சட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு புல் மூடியிருக்கிறது என்று எழுதுங்கள். உருண்டு ஊசிபோல் இருந்தால் சிரிங்கோடியம். பட்டை இலையின் நுனியில் ரம்பப்பல் இருந்தால் சைமோடோசியா செருலாட்டாவாக இருக்கலாம். சிறு வெற்றிலைபோல் இரண்டிரண்டாக நின்றால் ஹாலோஃபிலா ஓவாலிஸ். நாடாபோல் நீண்டு வளர்ந்தது ஈனாலஸ். அதே சட்டத்தை நண்பர் ஒருவர் தனியாகப் பார்த்து அவர் எண்ணை எழுதட்டும். நீங்கள் 60 என்றும் அவர் 35 என்றும் எழுதியிருப்பீர்கள். அந்த வேறுபாட்டைக் குறைக்க நாலு நாள் பழகுவதுதான் முதுநிலைப் படிப்பின் முதல் பாடம். கால் எங்கே வைக்கிறீர்கள் என்று பாருங்கள், திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள்.

ஐந்தாம் படி: காற்று, தடை, அனுமதி

நான் முதல் ஆய்வுக்குத் தென்கடலைத் தேர்ந்தெடுத்து, விடுமுறை கிடைத்தது என்பதற்காக ஜூலையில் போய் இறங்கினேன். பதினோரு நாள் கீழக்கரையில் டீ குடித்தேன். பன்னிரண்டாம் நாள் படகுக்காரர் கேட்டார்: "கச்சான் நேரத்தில் தென்கடலுக்கு எந்த வாத்தியார் தம்பி உங்களை அனுப்பினார்?" அட்டவணை போட்டது நானேதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

மே வாக்கில் தொடங்கிச் செப்டம்பர் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளித்துக் கலங்கும், வடகடல் அடங்கியிருக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை அடிக்கத் தொடங்கினால் நேர்மாறு. இதைக் கல்லூரிப் பருவத்தோடு பொருத்துங்கள். ஆய்வேட்டுக்கான நான்காம் பருவம் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. அது தென்கடலுக்கு ஏற்ற காலம். முதலாண்டுக் கோடைவிடுமுறையில் முன்னோட்டம் பார்ப்பதென்றால் வடகடலில் பாருங்கள். விசைப்படகில் சிக்கும் ஆமையையோ தேவையற்ற மீன்களையோ கணக்கெடுக்கும் ஆய்வென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதை மறக்காதீர்கள். 61 நாள் துறைமுகத்தில் படகுகளின் நிழல்தான் இருக்கும். நாட்டுப்படகு ஓடும்.

அனுமதிக்கு வருவோம். 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா 560 சதுர கிலோமீட்டர். தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழங்குறைந்த நீரும் அதில் அடக்கம். உள்ளே ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் இராமநாதபுரத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகம் வழியாகப் போகும். ஆய்வுத் திட்டம், வரைபடம், முறை, நாட்கள், உடன் வருபவர்களின் பெயர், வழிகாட்டியின் கடிதம் எல்லாம் இணைக்க வேண்டும். "பவள ஆய்வு" என்று மொட்டையாக எழுதாதீர்கள். எதையும் தொடமாட்டேன், படம் மட்டும் எடுப்பேன் என்றால் அதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். மாதிரி எடுப்பதாக இருந்தால் வேறு கதை: பவளம், கடல் அட்டை, ஆமை, கடற்பசு எல்லாம் முதல் அட்டவணை உயிர்கள். கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டைப் பையில் போட்டாலும் வழக்குத்தான். ஆறு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

ட்ரோன் ஆசையை மூட்டை கட்டுங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத்தளம் இருக்கிறது, எதிரே பன்னாட்டுக் கடல் எல்லை. தெரியாத முகம் பையோடு படகில் ஏறினால் கடலோரக் காவல் குழுமம் கேட்கத்தான் செய்யும். ஆதார் அட்டை, கல்லூரி அடையாள அட்டை, அனுமதிக் கடிதம் மூன்றும் எப்போதும் கையில் வேண்டும்.

ஆறாம் படி: ஊரிடம் கேளுங்கள்

அலுவலக அனுமதி மட்டும் போதாது. ஊர்த்தலைவர், சங்கம், ஜமாத், பங்கு ஆலயம் என எந்த ஊரில் யார் சொல்லுக்கு மதிப்போ அவரைப் பார்த்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று தமிழில் சொல்லுங்கள். இங்கே ஆய்வாளர் என்றால் தடை கொண்டுவருபவர் என்ற எண்ணம் உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. பூங்கா வந்ததில் தலைமுறையாகப் பாசி எடுத்த பெண்களின் தீவுகள் அவர்களுக்கு அடைபட்டன. விரலில் துணி சுற்றி, காலில் செருப்பையோ தகட்டையோ கட்டிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கும் அவர்கள், பாசி எடுப்பதை மாதம் பன்னிரண்டு நாளோடு நிறுத்திக்கொள்வது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள். அவர்களின் தலைவியாக இருந்த பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015-ல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் பன்னாட்டு விருதான சீகாலஜி விருது கிடைத்தது. பாதுகாப்பு உயிரியல் பாடநூலில் 'சமூகப் பங்கேற்பு' என்று ஓர் அத்தியாயம் வரும். நீங்கள் அதை வாசிப்பதற்கு முன் சின்னப்பாலத்துக்குப் போய் வந்திருந்தால் நல்லது.

உடன் வரும் படகுக்காரருக்கு நாள்கூலி பேசுங்கள். அவர் காட்டிய இடம், சொன்ன பெயர் ஆய்வேட்டில் வந்தால் அவர் சம்மதத்தோடு நன்றிப் பக்கத்தில் எழுதுங்கள். முடிவுகளைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி ஊருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்து வரும் மாணவருக்குப் படகு கிடைப்பது அதைப் பொறுத்தது.

பிழைப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். முனைவர் பட்டத்துக்குப் போவதென்றால் மத்திய அரசின் தகுதித்தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்குங்கள், மாதம் 37,000 ரூபாய். இல்லையென்றால் ஆய்வுத் திட்டங்களில் திட்ட உதவியாளர் வேலை, தொண்டு நிறுவனங்கள், சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள், வனத்துறைத் தேர்வுகள். 2023-ல் தமிழக அரசு உலக வங்கி உதவியோடு அறிவித்த நெய்தல் மீட்சி இயக்கம், 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரில் அமைத்த கடற்பசு பாதுகாப்பகம் போன்றவற்றுக்குக் கடலில் இறங்கி அளக்கத் தெரிந்த ஆட்கள் தேவைப்படுவார்கள். ஒப்பந்த வேலைகள்தான் அதிகம். ஓராண்டுக்கு ஒருமுறை வேலை தேட வேண்டியிருக்கும் என்பதை வீட்டில் இப்போதே சொல்லிவையுங்கள்.

முதல் கள நாளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை: அனுமதிக் கடிதத்தின் நகல் இரண்டு, பிளாஸ்டிக் உறையில். நீரில் எழுத வெள்ளை பிளாஸ்டிக் பலகையும் பென்சிலும், பேனா உதவாது. பென்சிலில் நூல் கட்டுங்கள். முழுக்கைச் சட்டை, தொப்பி, பழைய துணிக் காலணி. குடிதண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், படகுக்காரருக்கும் சேர்த்து. சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறவர்கள் படகுக்காரரின் மீன்குழம்பைச் சுவைத்த பிறகு மறுநாள் கட்டுவதில்லை. கிளம்பும் நேரத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். விடியற்காலை நாலரை என்றால் நாலரைதான்.